இடுப்பில் துப்பாக்கி, கையில் லத்தி

2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை இரவு. வில்லியனூரில் ஒரு பேக்கரி வாசல். பைக்குகளில் வந்து இறங்கிய கும்பல் முதலில் நாட்டு வெடிகுண்டை வீசியது. சத்தத்தில் சுற்றியிருந்தவர்கள் சிதறி ஓட, அங்கே நின்றிருந்த பா.ஜ.க. பிரமுகரை அரிவாளால் வெட்டிச் சாய்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே பறந்துவிட்டது. கொல்லப்பட்டவர் புதுச்சேரி உள்துறை அமைச்சரின் உறவினர். கண்காணிப்பு கேமராவில் பதிவான காட்சி செல்போன் செல்போனாகச் சுற்றியது. கொலை நடந்தது புதுச்சேரியில். சம்பந்தப்பட்டவர்கள் போய்ச் சரணடைந்தது திருச்சி நீதிமன்றத்தில். பிறகு வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போனது.

இப்படி ஒரு கொலை விழும்போதெல்லாம் வில்லியனூரிலிருந்து பாகூர் வரை டீக்கடைகளில் ஒரே கேள்விதான் கொதிக்கிறது: “போலீஸ் இடுப்பில் துப்பாக்கி எதற்குத் தொங்குகிறது?” காக்கிச் சட்டைகளுக்குள் அதே கேள்விக்கு வேறொரு வடிவம் உண்டு. எந்தத் துப்பாக்கி நல்லது, பழைய ரிவால்வரா, ஒன்பது எம்.எம். பிஸ்டலா, பெருநகரங்களின் சிறப்புப் படைகள் வைத்திருக்கும் குளோக்கா? பணிக்காலம் முழுக்க ஒரே துப்பாக்கியைச் சுமந்து ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசமும் இருக்கும். ஆனால் கிராமப்புறக் காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, துப்பாக்கியின் பெயரைவிட, அதை வைத்திருப்பவர் கடைசியாக எப்போது சுட்டுப் பழகினார் என்பதுதான் பெரிய விஷயம். புதுத் துப்பாக்கிக்கு ஆர்டர் போடும் அரசுகள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு.

பழைய ரிவால்வர் மேல் ஏன் இவ்வளவு பாசம்?

இந்திய போலீஸ் அதிகாரிகளின் இடுப்பை நெடுங்காலம் ஆண்டது .38 ரிவால்வர். பர்மிங்ஹாம் நகரின் வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனி செய்தது ஒன்று. அதன் சாயலிலேயே பிரிட்டிஷ் அரசின் என்ஃபீல்டு தொழிற்சாலை செய்த ‘நம்பர் 2’ மற்றொன்று. நடுவில் மடக்கித் திறந்தால் ஆறு அறைகளும் ஒரே பார்வையில் தெரியும். சுட்டு முடித்த காலி கேஸ்கள் தாமாகவே எழும்பி வெளியே வரும். தோட்டா ஒன்று வெடிக்காமல் ஏமாற்றினால் பதற வேண்டியதில்லை, விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். குண்டு நிரப்பியிருக்கிறதா, இல்லையா என்று சந்தேகப்படவும் இடமில்லை. மாதக்கணக்கில் தோலுறைக்குள்ளேயே கிடந்தாலும் இறுகித் தளர்ந்துபோக அதில் மேகசின் ஸ்பிரிங் கிடையாது. கைப்பிடியின் அடியில் இருக்கும் வளையத்தில் கயிற்றை மாட்டித் தோளோடு கட்டிக்கொண்டால் தள்ளுமுள்ளில் விழுந்து தொலையவும் செய்யாது.

இந்தப் புகழ்மாலையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பூவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது: இது பயிற்சியில்லாதவரை மன்னிக்கும் துப்பாக்கி. எண்ணெய் போடாவிட்டாலும், மாதக்கணக்கில் தொடாவிட்டாலும், கைப்பழக்கம் மறந்துபோயிருந்தாலும் அவசரத்துக்கு வெடித்துவிடும். அதன் குறைகளோ எல்லோருக்கும் தெரிந்தவை. ஆறே குண்டுகள். மெதுவாகப் போகும், வலுக் குறைந்த தோட்டா. ஓங்கி இழுக்க வேண்டிய கனமான விசை. இழுக்கும்போதே முனை ஆடிக் குறி தப்பும். பல ரிவால்வர்கள் அதைச் சுமக்கும் அதிகாரியைவிட வயதில் மூத்தவை. அப்படியும் அது பிடித்துப்போவதற்குக் காரணம் கருவியின் மேன்மை அல்ல. துறையில் சுட்டுப் பழக வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதற்கு அந்தப் பாசமே வாக்குமூலம்.

அடுத்த தலைமுறை, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரான ஒன்பது எம்.எம். பிஸ்டல். 1935இல் பெல்ஜியத்தில் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவரின் இந்திய வாரிசு அது. மேகசினில் 13 குண்டுகள். குறியும் வலுவும் ரிவால்வரைவிடப் பல படி மேல். ஆனால் இது மன்னிக்காது. பாதுகாப்பு கருதிப் பலரும் மேகசினை மட்டும் மாட்டி, குழலறையைக் காலியாகவே வைத்திருப்பார்கள். ஆபத்து வந்தால் உறையைத் திறந்து, துப்பாக்கியை உருவி, இன்னொரு கையால் மேல்பாகத்தைப் பின்னிழுத்து விட்டு, பிறகுதான் சுட முடியும். குழலறையில் குண்டு இருந்தால் சேஃப்டியைக் கட்டைவிரலால் தட்டிவிட வேண்டும். பழகியவருக்கு இது ஒரே அசைவு. பழகாதவருக்கு நான்கு தனித்தனி வேலைகள். மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் கொடிய தவறு. உள்ளே ஒரு குண்டு மிச்சம் இருக்கலாம்.

குளோக் இன்னும் கறாரானது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தப் பிஸ்டலின் சட்டகம் பிளாஸ்டிக் வகைப் பொருள்; மேகசினில் 17 குண்டுகள்; வெளியே சேஃப்டி நெம்புகோல் என்று எதுவும் இல்லை. விசையில் விரல் அழுந்தினால் சுடும், அழுந்தாவிட்டால் சுடாது, அவ்வளவுதான். விரலுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்த படைகளுக்கு அது வரம். அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் உறைக்குள் திணிக்கும்போதே தொடையைத் துளைத்துவிடும்.

பெட்டிச் செய்தி: யாரிடம் என்ன?

● ரிவால்வரும் பிஸ்டலும் பொதுவாக எஸ்.ஐ. மற்றும் அதற்கு மேற்பட்ட அதிகாரிகளுக்கே. கான்ஸ்டபிளுக்கு லத்தி, காவல் பணியில் நிற்கும்போது நீளத் துப்பாக்கி.

● .38 ரிவால்வர், 9 எம்.எம். பிஸ்டல் இரண்டும் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் பெற்றவர்கள் .32 ரிவால்வரை நாடுவதற்குக் காரணம் இதுதான்.

● நூற்றாண்டுப் பழமை கொண்ட .303 ரைஃபிளுக்கு உத்தரப் பிரதேச போலீஸ் விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.

● நியூயார்க் போலீஸ் 1993இல் ரிவால்வரிலிருந்து ஒன்பது எம்.எம். பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியது. பழைய ரிவால்வரைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு 2018 வரை சலுகை தரப்பட்டது.

அரிவாளுக்கும் உறைக்கும் நடுவே 21 அடி

வில்லியனூர் பேக்கரி வாசலுக்கே திரும்பி வருவோம். அங்கே ஒரு எஸ்.ஐ. குளோக்கோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்வது எளிது. சினிமா நமக்கு அந்தக் கற்பனையை இலவசமாகத் தந்திருக்கிறது. ‘காக்க காக்க’ வந்த 2003இலிருந்து தமிழ்த் திரையின் போலீஸ் குறி தப்பியதே இல்லை. நிஜத்தின் கணக்கு வேறு. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகர போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஓர் அளவெடுத்தார். கத்தியோடு பாய்ந்து வருபவர் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறார். பயிற்சி பெற்ற அதிகாரி உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. அதாவது ஆறரை மீட்டருக்குள் அரிவாள் வந்துவிட்டால் துப்பாக்கி முந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இது தினம் பழகியவரின் வேகம். காலிக் குழலறையோடு ஒன்பது எம்.எம். வைத்திருக்கும், வருடத்தில் ஒரு முறை சுடும் அதிகாரிக்கு இதைவிடக் கூடுதல் தூரம் வேண்டும்.

புதுச்சேரியின் கொலைக் கும்பல்கள் இந்தத் தூரத்தையும் நேரத்தையும் அழிப்பதற்காகவே நாட்டு வெடிகுண்டைக் கையாளுகின்றன. 2017 ஜனவரி 3 அன்று காரைக்கால் பகுதியில் முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி. சிவக்குமார் கொல்லப்பட்டதும் இதே முறையில்தான்: முதலில் குண்டு, பிறகு அரிவாள். குண்டு ஆளைக் கொல்கிறதோ இல்லையோ, சுற்றியிருப்பவர்களை விரட்டி, பார்ப்பவர்களின் கண்ணை மறைத்து, வெட்டுபவனுக்குத் தனி மேடை அமைத்துக் கொடுக்கிறது. புகையும் ஓட்டமும் நிறைந்த கடைவீதியில் ஒருவர் பிஸ்டலை உயர்த்தினால் குறியின் பின்னணியில் இருப்பது ஓடும் பொதுமக்கள். அங்கே சுடாமல் நிற்பதுதான் சரியான முடிவாக இருக்கும். அடுத்த நாள் கோழை என்ற பெயரும் அவருக்கே கிடைக்கும்.

“ரவுடிகள் பயப்படுவது துப்பாக்கிக்கு மட்டும்தான், நாலு பேரைச் சுட்டால் ஊர் அடங்கும்” என்பது டீக்கடையின் பதில். அதைக் கேலியாக ஒதுக்க முடியாது. கணவரை இழந்த பெண்ணிடமும் மாமூல் கொடுத்துச் சலித்த கடைக்காரரிடமும் அந்தப் பதில் கோபத்திலிருந்து வருகிறது. ஆனால் அண்டைத் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக என்கவுன்ட்டர்களும் நடந்திருக்கின்றன, குளியலறையில் ‘வழுக்கி விழுந்து’ மாவுக்கட்டோடு வந்தவர்களின் படங்களும் ஏராளமாக வெளியாகியிருக்கின்றன. பழிக்குப் பழிக் கொலைகள் நின்றுவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. கும்பல் தலைவன் போனால் அவன் இடத்துக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். வெடிமருந்து எங்கிருந்து வருகிறது, குண்டு எந்தத் தோப்பில் கட்டப்படுகிறது, பணம் யாருடையது என்று தோண்டும் வேலையைத் துப்பாக்கி செய்யாது. அதற்கு நிலையத்தில் ஆள் வேண்டும், கிராமத்தில் காது வேண்டும், நீதிமன்றத்தில் சாட்சி கடைசிவரை நிற்க வேண்டும்.

பூமிநாதன் எழுப்பும் கேள்வி

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி 2021 நவம்பர் 21 அதிகாலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு போனவர்களைப் பைக்கில் துரத்திக்கொண்டே புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் போனார். கீரனூர் அருகே மடக்கியும் பிடித்துவிட்டார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, இரவு ரோந்து செல்பவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும், உயிருக்கு ஆபத்தென்றால் தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். வெறுங்கையோடு நின்ற காவலர்களின் இந்த மரணங்களை முன்னால் வைத்துக்கொண்டு, துப்பாக்கி தேவையில்லை என்று யாரும் பேச முடியாது. இந்தக் கட்டுரையும் பேசவில்லை. தனியான சாலையில், இருட்டில், உதவி வர நேரமாகும் இடத்தில் ரோந்து போகிறவருக்குத் துப்பாக்கி கட்டாயம்.

ஆனால் அதே வழக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பூமிநாதன் வழக்கில் பிடிபட்ட மூவரில் இருவர் சிறுவர்கள். பிடித்த நிமிடத்தில் அவர் கண்முன் நின்றது ஆட்டுத் திருடர்கள், அதிலும் சின்னப் பையன்கள். அவர் இடுப்பில் பிஸ்டல் இருந்திருந்தாலும் அந்த நிமிடத்தில் அதை உருவியிருப்பாரா? உருவ வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. ஆபத்து தெரிந்தபோது அரிவாள் 21 அடிக்குள் இருந்தது. அவருக்குத் துப்பாக்கிக்கும் முன்னால் தேவைப்பட்டது, பின் இருக்கையில் இன்னொரு காவலர். அந்த மரணம் கற்றுத் தந்த பாடங்களில் ‘துப்பாக்கி எடுத்துச் செல்’ என்பது தலைப்புச் செய்தியானது. ‘தனியாகப் போகாதே, அனுப்பாதே’ என்பது ஆள் பற்றாக்குறைக் கணக்கில் கரைந்துபோனது.

ரவுண்டுக்குக் கணக்கு, பயிற்சிக்கு?

2017 டிசம்பர் 13. சென்னை கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளை வழக்கில் தேடப்பட்டவரைப் பிடிக்க ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன தமிழகப் போலீஸ் குழுவில் மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் உயிரிழந்தார். கொள்ளையர்கள் சுட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. சக அதிகாரியின் கையில் இருந்த துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டுதான் அது என்று ராஜஸ்தான் போலீஸ் பின்னர் தெரிவித்தது. யாரோ ஒரு தனிமனிதரின் கைநடுக்கமாக இதை மூடிவிடுவது அநியாயம். அறியாத ஊர், இருட்டு, தள்ளுமுள்ளு, கையில் உயிருள்ள துப்பாக்கி: இந்த நான்கும் ஒன்றுசேரும் நிமிடத்துக்கு அந்த அதிகாரிகளில் யாரைத் துறை தயார்ப்படுத்தியிருந்தது? காகித அட்டைக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் நின்று, கமாண்ட் சொன்னதும் சுடுவது அந்த நிமிடத்துக்கான பயிற்சி ஆகாது.

பயிற்சி அதிகமுள்ள இடங்களிலேயே முடிவுகள் அடக்கமானவை. நியூயார்க் போலீஸின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, 1998 முதல் 2006 வரை எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்ட 100 குண்டுகளில் இலக்கைத் தொட்டவை சராசரியாக 18. எதிராளி சுடாதபோதும் 30தான். நவீனப் பிஸ்டல், ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி, இவற்றோடும் இதுதான் நிலை. மீதி 82 குண்டுகளும் எங்கோ போய்ச் சேருகின்றன: சுவரில், காரில், சில வேளை வழிப்போக்கரின் உடலில். துப்பாக்கியை மாற்றினாலே குறி கூடிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை போதும்.

“சரி, பயிற்சியைக் கூட்டுவோம். எங்கே சுடுவது?” என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே, துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். வயலும் குடியிருப்பும் மாறி மாறி நெருங்கிக் கிடக்கும் வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களில் திறந்தவெளித் தளத்துக்கு இடம் தேடுவது இந்த ஆபத்தையே விலைக்கு வாங்குவதாகும். ஆனால் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கு மலையடிவாரம் தேவையில்லை. நான்கு சுவருக்குள், குண்டு தாங்கும் தடுப்போடு 25 மீட்டர் அறை போதும். திரையில் காட்சி ஓட, லேசர் துப்பாக்கியால் ‘சுடலாமா, கூடாதா’ என்று முடிவெடுக்கப் பழக்கும் சிமுலேட்டர்களும் இருக்கின்றன. காலித் துப்பாக்கியை உருவி, குறி பார்த்து, உறையில் திருப்பி வைக்கும் பழக்கத்துக்கு ஒரு ரவுண்டுகூடச் செலவில்லை. கோரிமேட்டில் ஏற்கெனவே இயங்கும் காவலர் பயிற்சிப் பள்ளியோடு இதையெல்லாம் இணைக்கத் தனி நிலம் எடுக்க வேண்டியதில்லை.

தடை பணத்தில் மட்டும் இல்லை, பழக்கத்திலும் இருக்கிறது. காவல் நிலையத்தில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. சுட்டால் காலி கேஸ் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் விளக்கம் எழுத வேண்டும். இந்தக் கணக்கு அவசியமானதே. ஆனால் தோட்டா குறையாமல் இருப்பதே நல்ல நிர்வாகம் என்று ஆகிவிட்ட இடத்தில், ஆயுத அறையில் துப்பாக்கியும் பத்திரமாக இருக்கும், அதிகாரியின் கைப்பழக்கமும் துருப்பிடிக்கும்.

பெட்டிச் செய்தி: ஒரு குண்டு வெளியேறிய பிறகு

● கைது செய்யும்போது தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ பெறத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்லும் உரிமையை அது தருவதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு சொன்ன இதை, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவும் சொல்கிறது.

● 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த 16 நெறிமுறைகளின்படி, போலீஸ் சூட்டில் மரணம் நிகழ்ந்தால் முதல் தகவல் அறிக்கை, சி.ஐ.டி. அல்லது வேறு நிலையத்தின் சுதந்திரமான விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை ஆகியவை கட்டாயம். சுட்ட அதிகாரி தன் ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும்.

● சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

தேர்த் திருவிழாவும் கைது வேட்டையும் ஒன்றல்ல

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர், பிரெஞ்சுக் கவர்னர்கள் வடம் பிடித்த காலத்திலிருந்தே அரசு விழா போல நடப்பது. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறார்கள். அந்த நெரிசலில் பந்தோபஸ்துக்கு நிற்கும் எஸ்.ஐ.யின் இடுப்பில் இருக்கும் பிஸ்டலால் யாருக்கு என்ன பயன்? அவரே ஒரு கையால் அதைக் காத்துக்கொண்டு, மறு கையால்தான் கூட்டத்தை ஒதுக்க வேண்டும். சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிளின் லத்தியும் குரலும் அங்கே அதைவிடப் பெரிய ஆயுதங்கள். நியூசிலாந்தில் சாதாரண ரோந்து போலீஸார் பிஸ்டலை இடுப்பில் மாட்டுவதில்லை. ரோந்துக் காரில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், தேவை எழும்போது எடுப்பார்கள். ஆயுதம் தாங்கிய ரோந்துக் குழுக்களை 2019இல் சோதித்துப் பார்த்துவிட்டு 2020இல் கைவிட்டார்கள். அந்த ஊரின் அமைதி வேறு, நம் ஊரின் அரிவாள் வேறு என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ‘எப்போதும் இடுப்பில்’, ‘எப்போதும் பெட்டியில்’ என்ற இரண்டுக்கும் நடுவே, வேலையைப் பார்த்து ஆயுதம் தருவது என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது.

அந்த வழி வில்லியனூரையும் பாகூரையும்விட அதிகமாகத் தேவைப்படும் இடம் வேறு இருக்காது. புதுச்சேரி நிலப்பரப்பு ஒரே துண்டல்ல. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. பாகூரில் குற்றம் செய்துவிட்டு பைக்கை முறுக்கினால் சற்று நேரத்தில் கடலூர் மாவட்டம். முள்ளோடையைத் தாண்டினாலே வேறு மாநிலம், வேறு ஒயர்லெஸ், வேறு அதிகாரிகள். துரத்திப் போய்ப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. நவல்பட்டிலிருந்து கீரனூருக்கும், சென்னையிலிருந்து பாலிக்கும் போனவர்கள் சந்தித்ததும் இதே எல்லை தாண்டிய இருட்டைத்தான். தோப்புக்குள் பதுங்கியிருக்கும் குண்டு கட்டும் கும்பலைப் பிடிக்கப் போகும் குழுவுக்கும், இரவில் எல்லைச் சாலையில் ரோந்து போகும் இருவருக்கும் நல்ல பிஸ்டலும் குண்டு துளைக்காத உடுப்பும், அவற்றைவிட முக்கியமாக ஒன்றாகச் சேர்ந்து எடுத்த பயிற்சியும் வேண்டும். அந்தச் சிலருக்கு மாதம் ஒரு முறை சுடத் தோட்டா ஒதுக்குவது, எல்லா அதிகாரிகளுக்கும் புதுத் துப்பாக்கி வாங்குவதைவிடக் குறைந்த செலவு. பழைய .38ஐ அதன்பின் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடலாம். அதை ஓய்வுபெறாமல் காப்பாற்றிவந்தது பயிற்சியின்மைதான்.

உள்துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது எத்தனை வாகனம், எத்தனை கேமரா, எத்தனை ஆயுதம் வாங்கப்பட்டது என்ற பட்டியல் வாசிக்கப்படும். அப்போது வில்லியனூர், பாகூர் தொகுதிகளின் உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டியவை மூன்று: தங்கள் நிலையத்தின் எஸ்.ஐ.யும் இன்ஸ்பெக்டரும் கடந்த ஆண்டில் பயிற்சிக்காக எத்தனை ரவுண்டு சுட்டார்கள், அதில் இருட்டில் சுட்டது எத்தனை, இரவு ரோந்துக்குத் தனியாகப் போனது எத்தனை நாள்?